டாங்காவில் கலைந்த பாளையங்கோட்டைப் பட்டாளம்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, கரையோரத்து எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டுச் சென்றது. அரை மணி நேரம்கூட நீடிக்காத அந்தத் தாக்குதல் தமிழுக்கு ஒரு புதுச் சொல்லைக் கொடுத்தது. தொண்டி முதல் வாலிநோக்கம் வரை எங்கள் கடற்கரையில், யாருக்கும் பிடிகொடுக்காமல் காரியம் சாதிப்பவனை இன்றும் எம்டன் என்றுதான் சொல்கிறார்கள். அந்த இரவுக்கு ஆறு வாரம் கழித்து, நவம்பர் 4 அன்று, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் டாங்கா என்னும் சிறு துறைமுகத்துக்கு வெளியே, தமிழ் மாவட்டங்களில் ஆள் திரட்டப்பட்ட ஒரு பட்டாளம் எந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நிறுத்தப்பட்டது. சிறிது நேரத்தில் அது சிதறிப்போனது. நம் ஊருக்கு வந்து குண்டு போட்ட கப்பலின் பெயர் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. நம் ஆட்கள் போய்ச் செத்த ஊரின் பெயரோ எந்தத் திண்ணையிலும் கேட்கவில்லை.

அந்தப் பட்டாளம் 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, அதாவது இலகு காலாட்படை. அது டாங்காவில் சிதறியது உண்மை. அதை மறைப்பது இந்த ஆய்வின் நோக்கமன்று. அந்தச் சிதறலுக்கு ஆங்கிலேய அதிகாரிகள் கற்பித்த காரணம் சரிதானா, அந்தக் காரணம் பிற்பாடு தென்தமிழ்நாட்டுச் சிப்பாய்களின் பெயரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பவையே இங்கே ஆராயப்படுகின்றன. புறமுதுகு என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் கனம் எல்லோரும் அறிந்தது. அந்தச் சொல்லை ஒரு பட்டாளத்தின் மீது மட்டுமல்லாமல் ஒரு மாகாணத்தின் மீதே எழுதிவைத்தார்கள் என்றால், அந்த எழுத்தை ஒருமுறையாவது நிதானமாகப் படித்துப் பார்க்கும் கடமை அந்த மாகாணத்தின் தென்கோடியில் இருக்கும் நமக்கு உண்டு என்று கருதுகிறேன்.

பட்டாளத்தின் பின்புலம்

கிழக்கிந்தியக் கம்பெனி, அதாவது நம் முன்னோர் பேச்சில் கும்பினி, சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக்காரர்களோடு பொருதிக்கொண்டிருந்த 1759-ஆம் ஆண்டில் இந்தப் படைப்பிரிவின் வரலாறு தொடங்குகிறது. அக்காலத்தில் சென்னைப் படையின் சிப்பாய்களைக் கரைச் சிப்பாய்கள் என்றே ஆங்கிலேயர் ஆவணங்களில் குறித்தார்கள். நீண்ட காலம் சென்னைச் சுதேசிக் காலாட்படையின் 3-ஆம் பிரிவாக இருந்தது, 1903-இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படை முழுவதற்கும் புது எண் கொடுத்தபோது, சென்னைப் பிரிவுகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டதால் 63-ஆம் பிரிவாயிற்று. சென்னை முஸ்லிம்கள், தமிழ் இந்துக்கள், அந்நாளைய ஆவணங்கள் பறையர் என்று தனியே எழுதிய ஆதிதிராவிடர்கள், கிறித்தவர்கள் ஆகியோரே இத்தகைய கர்நாடகப் பட்டாளங்களின் ஆட்கள். கர்நாடகம் என்று இங்கே சொல்வது இன்றைய மாநிலத்தை அன்று, ஆங்கிலேயர் கர்நாடிக் என்றழைத்த தமிழ்ப் பகுதியை. சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது 11 ரூபாய்.

இராமநாதபுரம் சீமைக்கும் கும்பினிப் படைக்கும் இருந்த உறவு எளிதானதன்று. 1772-இல் இராமநாதபுரம் கோட்டை ஆர்க்காட்டு நவாபின் படையிடமும் கும்பினிப் படையிடமும் வீழ்ந்தது. 1795-இல் முத்துராமலிங்க சேதுபதி பதவியிறக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1801-இல் மருது சகோதரர்களின் எழுச்சி அடக்கப்பட்டபின், அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் கையிலிருந்த ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணையிட்டது. வேலும் வளரியும் துப்பாக்கியும் வைத்திருந்த ஒரு சீமை இவ்வாறு நிராயுதமாக்கப்பட்டது. இந்தப் போர்கள் அத்தனையிலும் எதிரணியில் வரிசைகட்டி நின்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் அல்லர், நம் நாட்டுச் சிப்பாய்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பசி ஒருவனை எந்தப் பக்கமும் கொண்டுபோய் நிறுத்தும். அதை வைத்து அவனை இகழ எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நூறு ஆண்டுகளில் தென்னகம் பெரிய போரைக் காணவில்லை. சென்னைப் பட்டாளங்கள் காவல் வேலையிலும் முகாம் வாழ்க்கையிலும் காலம் கழித்தன. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாயிடம் போர்க்குணம் அற்றுப்போய்விட்டது என்ற முடிவுக்கு வந்தார். சில இனங்களுக்குப் போர் பிறவியிலேயே வரும், சிலவற்றுக்கு வராது என்னும் கோட்பாடு அவர் காலத்தில் படையின் கொள்கையாகவே மாறியது. சென்னைப் பட்டாளங்கள் பல கலைக்கப்பட்டன. பலவற்றில் தமிழரும் தெலுங்கரும் நீக்கப்பட்டுப் பஞ்சாபியரும் கூர்க்காக்களும் சேர்க்கப்பட்டனர். எஞ்சிய சிலவற்றுக்கும் நல்ல அதிகாரிகள் வர விரும்பவில்லை. ஓர் ஆங்கிலேய இளைஞன் பதவியில் உயர வேண்டுமென்றால் வடமேற்கு எல்லைக்குப் போக வேண்டும். பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்கு வந்தால் அவன் வாழ்க்கை அங்கேயே தேங்கிவிடும். ஒரு பயிர் வளராது என்று முன்கூட்டியே முடிவுசெய்து தண்ணீரை நிறுத்திவிட்டு, அது வாடியதும் விதை சரியில்லை என்று சொன்னதற்கு ஒப்பானது இது. டாங்காவைப் புரிந்துகொள்ளத் தேவையான முதல் செய்தி இதுவே.

1914-இல் இராமநாதபுரம் கடற்கரை எப்படி இருந்தது என்பதையும் ஒரு வரி சொல்ல வேண்டும். மாவட்டம் உருவாகி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பாம்பன் பாலம் அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்றுதான் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார் என்ற நிலை வந்தபின், மழை பொய்த்த வானம்பார்த்த பூமியின் ஆட்களைக் கங்காணிகள் கூட்டம் கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போனார்கள். வேறு பலர் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போனார்கள். பட்டாளத்துக்குப் போவது இந்த வழிகளில் ஒன்று, அவ்வளவே. கொழும்புக்குப் போனவர், பினாங்குக்குப் போனவர், பட்டாளத்துக்குப் போனவர் என்று ஊர் அவர்களை ஒரே மூச்சில்தான் சொல்லிற்று.

பம்பாய் முதல் டாங்கா வரை

இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி அடங்கிய ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாக்குவதற்காக இந்தியாவில் திரட்டப்பட்ட படைக்கு இந்தியப் போர்ப்படை 'பி' என்று பெயர். மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன் தலைமையில் ஏறத்தாழ 8,000 பேர். அதில் பெங்களூர்ப் பிரிகேடில், அதாவது பல பட்டாளங்கள் சேர்ந்த படையணியில், ஓர் ஆங்கிலேயப் பட்டாளமான லாயல் நார்த் லங்காஷயர், 63-ஆம் பாளையங்கோட்டை, 98-ஆம் காலாட்படை, 101-ஆம் கிரனேடியர் ஆகியவை இருந்தன. மற்றொரு பிரிகேடில் 13-ஆம் ராஜபுத்திரப் பட்டாளமும் காஷ்மீர், குவாலியர் சமஸ்தானங்களின் படைகளும் இடம்பெற்றன. இவற்றோடு பாதை, அரண் வேலைகளும் செய்யும் காலாட்படையான சென்னை மாகாணத்து 61-ஆம் பயனியர் பட்டாளமும் மலைப் பீரங்கிகளும் சேர்ந்தன. இந்தப் பிரிவுகள் அதற்கு முன்பு ஒன்றாகப் பயிற்சி செய்ததே இல்லை. நல்ல பட்டாளங்கள் எனப்பட்டவை பிரான்சுக்கும் எகிப்துக்கும் போய்விட, எஞ்சியவை இந்தப் பயணத்துக்குச் சேர்க்கப்பட்டன. சிலவற்றுக்குப் புதுரகத் துப்பாக்கியும் எந்திரத் துப்பாக்கியும் புறப்படும் தறுவாயில்தான் கையில் கிடைத்தன.

செப்டம்பர் இறுதிக்குள் சிப்பாய்கள் பம்பாயில் கப்பலேற்றப்பட்டுவிட்டார்கள். எம்டன் கடலில் திரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை; காவலுக்குப் போர்க்கப்பல் கிடைக்காமல் அக்டோபர் 16 வரை அவர்கள் துறைமுகத்திலேயே கிடந்தார்கள். ஆக எம்டன் வீசிய குண்டுகள் சென்னையில் விழுந்தாலும், அதன் நிழல் பம்பாயில் அடைபட்டுக் கிடந்த இந்தச் சிப்பாய்கள் மீதும் விழுந்திருந்தது. பிறகு அரபிக் கடலைக் குறுக்காகக் கடக்கும் இரண்டு வாரம். கடலில் பிறந்து வளர்ந்த எங்கள் கரைப் பரதவருக்கும் மரைக்காயர்களுக்கும் வங்கக் கடல் வாடை வீசும்போது எப்படிப் புரளும் என்று தெரியும். அவர்களே கப்பலின் அடித்தட்டில் ஒரு மாதம் அடைபட்டால் காலூன்றி நிற்கச் சில நாள் ஆகும். உள்நாட்டுப் புஞ்சையிலிருந்து வந்த சிப்பாய்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேயர் வசமிருந்த மொம்பாசா துறைமுகத்தில் இரண்டொரு நாள் அவர்களைக் கரையிறக்கித் தெளியவிடலாம் என்ற யோசனையை எய்ட்கன் ஏற்கவில்லை. ஆப்பிரிக்காவில் போரிட்டுப் பழகிய உள்ளூர்ப் படையின் அதிகாரிகள் அஸ்காரிகளை, அதாவது ஜெர்மானியரிடம் பணியாற்றிய ஆப்பிரிக்கச் சிப்பாய்களை, எளிதாக எண்ணிவிட வேண்டாம் என்று சொன்னதையும் அவர் பொருட்படுத்தவில்லை. எதிரியைப் பற்றிய அவருடைய எண்ணமும் இனக் கணக்குதான்.

நவம்பர் 2 அன்று ஃபாக்ஸ் என்னும் போர்க்கப்பல் டாங்காவுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தத் துறைமுகத்தைத் தாக்குவதில்லை என்று முன்பு செய்துகொண்ட உடன்பாடு இனிச் செல்லாது என்று அதன் தலைவர் கரைக்கு அறிவித்துவிட்டு, துறைமுகத்தில் கண்ணிவெடிகள் இருக்குமோ என்ற ஐயத்தில் பொழுதைக் கழித்தார். கண்ணிவெடி ஒன்றுகூட அங்கே இல்லை. கிடைத்த இடைவெளியில் ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக், மோஷியிலிருந்து டாங்காவுக்கு வரும் ரயில்பாதை வழியாகத் தம் அஸ்காரிகளைக் கொண்டுவந்து இறக்கினார். முதல் நாள் ஏறக்குறைய காலியாகக் கிடந்த ஊரில் இரண்டு நாளில் சுமார் 1,000 பேர் பதுங்குகுழிகளில் இருந்தார்கள்.

நவம்பர் 4

டாங்காவின் கரையை இராமேசுவரத் தீவின் கரையோடு மனத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பவளப்பாறை, அலையாத்திக் காடு, தென்னை. ஆனால் அங்கே பாறை செங்குத்தாக எழும். மேலே ஏறினால் ரப்பர்த் தோட்டமும் சோளக் கொல்லையும் பத்தடிக்கு அப்பால் பார்வை போகாத புதரும். சிப்பாய்கள் மார்பளவு நீரில் இறங்கி நடந்து, இரவில் அந்தச் சரிவில் ஏறினார்கள். நவம்பர் 3 விடியலில் முதல் தாக்குதலை நடத்திய 13-ஆம் ராஜபுத்திரர்களும் 61-ஆம் பயனியர்களும் ரயில்பாதைப் பள்ளத்துக்குப் பின்னாலிருந்து வந்த சூட்டில் நிலைகுலைந்து கரைக்கே திரும்பினார்கள். ராஜபுத்திரர் என்ற பெயர் ஆங்கிலேயரின் வீர இனப் பட்டியலில் மேலிடத்தில் இருந்த பெயர் என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்.

மறுநாள் நண்பகலுக்குப் பிறகு முழுப் படையும் முன்னேறியது. உச்சி வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு, புதருக்குள் அக்கம்பக்கத்துப் பட்டாளம் எங்கே போகிறது என்று தெரியாத நிலை. ஆங்கிலேயப் பட்டாளத்துக்கும் 101-ஆம் கிரனேடியர்களுக்கும் இடையில் பாளையங்கோட்டைப் பட்டாளம் நடந்தது. எந்திரத் துப்பாக்கிகள் முழங்கியதும் அதன் வரிசை முறிந்தது. பலர் கரையை நோக்கி ஓடினார்கள். பட்டாளமாக அது அன்றைய போரில் மீண்டும் எழவில்லை. இடையில் உண்டான அந்தப் பிளவின் விலையை இடப்பக்கம் தனித்துவிடப்பட்ட கிரனேடியர்கள் கொடுத்தார்கள். புதிதாக வந்திறங்கிய ஜெர்மானியக் கம்பெனிகள் பக்கவாட்டில் பாய்ந்தபோது அவர்களில் மிகப் பலர் மாண்டார்கள். நம்மவரின் சிதறலால் இன்னொரு இந்தியப் பட்டாளம் அழிந்தது என்ற இந்த உண்மையைச் சொல்லாமல் எழுதப்படும் எந்த ஆய்வும் நேர்மையானதாகாது.

அதே நேரத்தில் பின்னாலிருந்த 98-ஆம் பட்டாளத்தை வேறொன்று கலைத்தது. மரங்களில் இருந்த தேனடைகள் துப்பாக்கிச் சூட்டில் அதிர, காட்டுத் தேனீக்கள் கூட்டமாக இறங்கிக் கொட்டின. ஜெர்மானியர் தேனீக்களைப் பழக்கி ஏவினார்கள் என்று பிற்பாடு ஒரு கதை கிளம்பியது. உண்மையில் அவை இரு தரப்பையும் கொட்டின. வலப்பக்கத்தில் காஷ்மீர் சிப்பாய்களும் லங்காஷயர் பட்டாளத்தாரும் ஊருக்குள்ளேயே நுழைந்து தெருச் சண்டை போட்டார்கள். பிறகு அவர்களும் பின்வாங்க நேர்ந்தது.

இந்த நாளில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது மாலையில் நடந்ததுதான். ஜெர்மானிய அணியில் ஊதப்பட்ட ஓர் ஊதுகொம்பின் ஒலியைத் தவறாகப் புரிந்துகொண்டு, அஸ்காரிக் கம்பெனிகள் ஊரைவிட்டு மேற்கே தங்கள் பழைய முகாமுக்குத் திரும்பிவிட்டன. இரவின் பெரும்பகுதி டாங்கா காவலின்றித் திறந்து கிடந்தது. யார் முன்னேறியிருந்தாலும் ஊர் அவர்கள் கையில் விழுந்திருக்கும். எய்ட்கன் அதை அறியவில்லை. அறிய ஆள் அனுப்பவுமில்லை. மறுநாள் படையைக் கப்பலேற்ற ஆணையிட்டார். எந்திரத் துப்பாக்கிகளும் 400-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளும் ஏறத்தாழ 5 லட்சம் தோட்டாக்களும் கரையில் விடப்பட்டன. அந்த ஆயுதங்களைக் கொண்டு லெட்டோ-ஃபோர்பெக் போரை நான்காண்டு நீட்டினார். ஆங்கிலேயர் தரப்பில் 800-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காயமுற்றோ போனார்கள். ஜெர்மானியத் தரப்பின் இழப்பு அதில் ஒரு சிறு பங்கே. இந்தத் தோல்விச் செய்தியைப் பல மாதங்கள் மக்களுக்குத் தெரிவிக்காமல் வைத்திருந்தார்கள்.

பழி எங்கே தங்கியது

எய்ட்கன் கர்னல் பதவிக்கு இறக்கப்பட்டு அரைச் சம்பளத்தில் ஓய்வுக்கு அனுப்பப்பட்டார் என்பதால், பழி மேலிடத்துக்குப் போகவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் அவர் மீது விழுந்த பழி ஒரு மனிதர் மீது விழுந்தது, அவரோடு முடிந்தது. அவருடைய தோல்வியைக் கண்டு ஆங்கிலேயருக்குத் தளபதியாகும் குணம் பிறவியில் இல்லை என்று யாரும் எழுதவில்லை. சிப்பாய் மீது விழுந்த பழியோ அவனோடு நிற்காமல் அவன் சாதிக்கும் மொழிக்கும் மாகாணத்துக்கும் பரவியது. அந்தப் படையின் உளவு அதிகாரியாக இருந்த மைனர்ட்ஸ்ஹாகன் பாளையங்கோட்டைச் சிப்பாய்களைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதிய இழிசொற்கள் பல காலம் சான்றாகவே எடுத்தாளப்பட்டன. அவருடைய நாட்குறிப்புகளில் பிற்காலத்தில் திருத்தி எழுதியவையும் புனைந்தவையும் உண்டு என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். பறவையியலில் அவர் சேகரித்ததாகச் சொன்ன மாதிரிகள் பல பிறருடையவை என்பதும் வெளிப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் சாட்சியத்தின் மேல் ஒரு பட்டாளத்தின் மானத்தை நிறுத்துவது நியாயமன்று.

இனமே காரணம் என்ற வாதத்தை அதே களத்தின் நிகழ்வுகளைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். வீர இனம் எனப்பட்ட ராஜபுத்திரர் நவம்பர் 3 அன்று நிலைகுலைந்தார்கள். பேரரசின் வழக்கமான படையில் சேராத, சமஸ்தானத்துப் படை என்று ஒதுக்கிவைக்கப்பட்ட காஷ்மீர்ச் சிப்பாய்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். எளிய எதிரி என்று இகழப்பட்ட ஆப்பிரிக்க அஸ்காரிகள் போரை வென்றார்கள். வென்ற அவர்களே ஓர் ஊதுகொம்பு ஒலியில் குழம்பி வெற்றியைக் கைவிட்டு நடந்தார்கள். நிலைகுலைதல் எந்த அணிக்கும் எந்த நிறத்துக்கும் நேர்ந்திருக்கிறது. அஸ்காரிகள் பின்வாங்கியதற்கு ஊதுகொம்பு காரணம் என்று எழுதியவர்கள், பாளையங்கோட்டைச் சிப்பாய்கள் பின்வாங்கியதற்கு மட்டும் இரத்தம் காரணம் என்று எழுதினார்கள். இந்த இரட்டை அளவுகோலைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். ஒரு மாதக் கப்பல் சிறை, முன்பின் கையாளாத ஆயுதம், அறிமுகமில்லாத அதிகாரி, முப்பது ஆண்டு அலட்சியம், கண் தெரியாத புதர், வேவு பார்க்காத தளபதி என்று இத்தனையும் சேர்ந்த இடத்தில் எந்த ஊர்ப் பிள்ளையை நிறுத்தினாலும் அவன் கால் தடுமாறியிருக்கும்.

அடுத்து நடந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். போர் நீள நீள, வீர இனங்கள் மட்டும் போதவில்லை. சென்னை மாகாணம் அந்தப் போருக்குப் படைவீரராக ஏறத்தாழ 51,000 பேரையும் படை சாராப் பணியாளராக ஏறத்தாழ 41,000 பேரையும் அனுப்பிற்று. போர் முடிந்ததும் தேவையும் முடிந்தது. பாளையங்கோட்டைப் பட்டாளம் 1922-ஐ ஒட்டிய மறுசீரமைப்பில் கலைக்கப்பட்டது. எஞ்சிய கர்நாடகப் பட்டாளங்களைச் சேர்த்து உருவாக்கிய 3-ஆம் சென்னை ரெஜிமென்டும் 1920-களின் இறுதிக்குள் இல்லாமல் போனது. 1933-இல் சென்னைப் பயனியர்களும் கலைக்கப்பட்டார்கள். பெங்களூரில் இருந்த சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படை மட்டும் மிஞ்சியது. பிறகு ஜப்பானியர் வந்தார்கள். 1941, 1942-இல் சென்னை ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டுப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டது. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே, மிதித்த கண்ணிவெடி வெடிக்கும் முன் அதன் மேல் தன் உடலைப் போட்டுத் தோழர்களைக் காத்து இறந்தவர் காஞ்சிபுரம் பக்கத்துச் சிற்றூர்க்காரரான சுபேதார் சுப்பிரமணியன். சென்னை சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய பிரிட்டிஷ் வீர விருது வழங்கப்பட்டது. ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் அடங்கிக் கிடப்பவர்கள் என்று எண்ணியிருந்த மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் இதே ஆண்டுகளில்தான். அவர்களில் இராமநாதபுரம் மாவட்டத்தை வேராகக் கொண்டவர்கள் பலர்.

இரண்டு பட்டியல்கள்

இந்த ஆய்வில் இறங்கிய பிறகு எனக்குத் தெளிவான ஒன்றை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. ஓர் அலுவலகத்தில் போருக்குத் தகுதியற்ற தென்னாட்டார் என்று ஒரு பட்டியல் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், இன்னோர் அலுவலகத்தில் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று வேறொரு பட்டியல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1920-களின் இறுதியில் இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆப்பநாட்டுக் கிராமங்களில் மறவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வற்புறுத்தப்பட்டபோது முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்துத் திரட்டிய போராட்டம் இந்தச் சீமை முழுவதும் அறிந்தது. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

பட்டாளத்தில் சேர்க்கும் அளவுக்கு வீரம் இல்லாதவர்கள், ஆனால் இரவில் வீட்டில் படுத்திருக்கிறார்களா என்று போலீசு எண்ணிப் பார்க்கும் அளவுக்கு ஆபத்தானவர்கள். ஒரே மண்ணின் மக்களைப் பற்றி ஒரே அரசு எழுதிய இந்த இரண்டு கூற்றுகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருந்த வேண்டும் என்று எழுதியவர்கள் கவலைப்படவும் இல்லை. 1801-இல் ஆயுதத்தைப் பறித்தவர்கள் 1885-இல் ஆயுதம் ஏந்தத் தெரியாதவன் என்றார்கள். 1914-இல் புது ஆயுதத்தைக் கையில் கொடுத்துக் கப்பலேற்றினார்கள்.

கல்லும் ஏடும்

போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு அதில் அவன் பெயரும் பெருமையும் எழுதுவது சங்க காலம் தொட்டுத் தமிழர் வழக்கம். முதல் உலகப்போருக்குப் பின் ஆங்கிலேய அரசும் நம் ஊர்களில் கல் நட்டது. இந்த ஊரிலிருந்து பெரும் போருக்குச் சென்றவர் இத்தனை பேர், அவர்களில் உயிர் நீத்தவர் இத்தனை பேர் என்று மட்டும் அந்தப் பலகைகள் சொல்லும். தமிழ்நாட்டின் பல கிராமங்களில் பழைய சாவடியிலோ பள்ளிச் சுவரிலோ அவற்றை இன்றும் காணலாம். எண் இருக்கும், பெயர் இருக்காது. பெயரில்லாத நடுகல் என்பது நம் மரபில் இல்லாத ஒன்று.

1931-இல் திறக்கப்பட்ட டெல்லி இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. முதல் உலகப்போரில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் அதைவிடப் பல மடங்கு. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட சிறப்புக் குழுவின் அறிக்கை, முதல் உலகப்போரில் இறந்தவர்களில் குறைந்தது 45,000 பேர், பெரும்பாலும் இந்தியரும் ஆப்பிரிக்கரும், மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், மேலும் 1,16,000-க்குக் குறையாதோர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஆணையம் அதற்காக மன்னிப்பும் கேட்டது. இந்தப் பாகுபாட்டின் முதன்மையான களங்களில் ஒன்றாக அந்த அறிக்கை குறிப்பிடுவது கிழக்கு ஆப்பிரிக்கா.

ஆயினும் ஏட்டில் எஞ்சியிருக்கும் பெயர்கள் கொஞ்சமல்ல. ஆணையத்தின் பதிவேடுகளில் இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு எண், பட்டாளம், இறந்த நாள் ஆகியவற்றோடு, சிலருக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கின்றன. இராமநாதபுரத்தில் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, நம் மாவட்டம் 1910-இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்டது. டாங்காவில் நின்றவர்களில் நாலைந்து ஆண்டு பணி முடித்த சிப்பாய்கள் அதற்கு முன்பே பெயர் எழுதிக்கொண்டவர்கள். எனவே திருவாடானைக்காரரும் முதுகுளத்தூர்க்காரரும் ஏட்டில் மதுரை மாவட்டத்தார் என்றே இருக்கக்கூடும். இராமநாதபுரம் என்ற பெயரைத் தேடி, இல்லை என்று ஏட்டை மூடிவிடக் கூடாது. இரண்டாவது, ஆங்கிலேய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரைக் கண்ணால் படித்தால் பிடிபடாது. அதை உரக்கப் படித்து, அந்தப் பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வயதான ஓர் ஆசிரியரிடமோ காட்ட வேண்டும். எழுத்தில் உருத்தெரியாமல் கிடக்கும் பெயர், பேச்சில் கேட்டதும் இது இன்ன ஊராயிற்றே என்று அவர்களுக்குச் சட்டென விளங்கும்.

நான் பிறந்த ஊரில் பட்டாளத்தார் வீடு என்று ஒரு வீட்டுக்குப் பெயர். அந்த வீட்டிலிருந்து எந்தப் பட்டாளத்துக்கு, எந்தப் போருக்கு யார் போனார் என்று இப்போது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. மூன்று தலைமுறையாக ஓடு மாற்றி, சுவர் எழுப்பி, மின்விளக்குப் போட்ட பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை. சென்ற ஆடியில் அந்த வீட்டுப் பெரியவரிடம் அவருடைய பாட்டனார் பெயரையும், அவருக்குத் தகப்பனார் பெயரையும், பழைய பட்டாவில் ஊர்ப்பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிவந்தேன். 63-ஆம் பட்டாளத்தின் ஏட்டில் நவம்பர் 4-ஆம் தேதிக்கு உரிய பெயர்களை இப்போது ஒவ்வொன்றாக உரக்கப் படித்துவருகிறேன்.